மாரத்தான் ஓடுபவர் மோன் பிளாங் மலையைச் சுற்றி நான்கு நாளில் ஓட முடியுமா?

சாலையில் மாரத்தான் ஓடிப் பழகியிருக்கிறேன், ஆல்ப்ஸில் மோன் பிளாங் மலையைச் சுற்றிவரும் 170 கிலோமீட்டர் பாதையை நான்கு நாளில் முடிக்க முடியுமா, எப்படித் தயாராவது என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் அங்கே ஆளைச் சாய்ப்பது ஏற்றம் இல்லை, இறக்கம். அந்தச் சுற்றை ஓடியவன் என்ற முறையில் இதைத்தான் முதலில் சொல்வேன்.

கிலோமீட்டரை மட்டும் பார்த்தால் நாளுக்கு ஒரு மாரத்தான் தூரம்தான் வரும். ஆனால் மொத்தம் சுமார் 10,000 மீட்டர் ஏற வேண்டும், கிளம்பிய இடத்துக்கே திரும்புகிற சுற்று என்பதால் அதே அளவு இறங்கவும் வேண்டும். ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு ஒன்று இன்றும் கைகொடுக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அப்படிப் பார்த்தால் உங்களுடைய ஒரு நாள் பங்கு, நடப்பவருக்குப் பன்னிரண்டரை மணி நேரத்துக்கும் மேல். ஓட்டமும் நடையுமாகப் போனால் எட்டு, ஒன்பது மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்றத்தில் நடங்கள். இதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. 2003 முதல் இந்த மலையைச் சுற்றி நடக்கும் யூடிஎம்பி என்ற ஓட்டப் போட்டியின் நேர வரம்பு 46 மணி 30 நிமிடம், மணிக்கு 4 கிலோமீட்டர்கூட வராது. அதற்குள் முடிப்பவர்களையே எல்லாரும் வியந்து பார்க்கிறோம். இரண்டு கைக்கும் ஊன்றுகோல் வைத்துக்கொண்டு, பேசிக்கொண்டே போக முடிகிற வேகத்தில் ஏறுங்கள், அது போதும்.

இறக்கத்துக்கு வருவோம். கீழே இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்கிப் பிடிக்கிறது. தசை நார்கள் அதிகம் சேதமாவது இந்த வகை வேலையில்தான். அதன் வலி அன்றைக்குத் தெரியாது, மறுநாளும் அதற்கு மறுநாளும்தான் உச்சத்துக்கு வரும், அதாவது சரியாக உங்கள் இரண்டாம், மூன்றாம் நாளில். சமதளத்தில் எத்தனை நூறு கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் இதற்குப் பாதுகாப்பு கிடைக்காது. நல்ல விஷயம் என்னவென்றால், தசை இதைச் சீக்கிரம் கற்றுக்கொள்கிறது. ஒருமுறை கடுமையாக இறங்கி ஓடினாலே அதன் பலன் சில வாரங்கள் நிற்கும். அதனால் வாரம் ஒருமுறை ஏதாவது ஒரு சரிவைப் பிடித்து, நடந்து ஏறி, ஓடி இறங்குங்கள். சரிவு கிடைக்காவிட்டால் உயரமான கட்டடத்தின் படிக்கட்டு. பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு கடினமான இறக்கத்தை நிறுத்திவிடுங்கள். அடி சின்னதாக, சீக்கிரம் சீக்கிரமாக வைக்க வேண்டும், பார்வை நாலைந்து காலடி தூரம் முன்னால் இருக்க வேண்டும். பயத்தில் உடம்பைப் பின்னால் சாய்த்தால்தான் வழுக்கும்.

நாட்களைச் சமமாகப் பிரிக்கப் பார்க்காதீர்கள். பிரான்ஸின் ஷமோனியிலிருந்து லே ஷாபியூ, பிறகு இத்தாலியின் குர்மேயர், பிறகு ஸ்விட்சர்லாந்தின் ஷாம்பே, பிறகு மறுபடியும் ஷமோனி என்று பிரித்தால் இரண்டாம் நாள் மட்டும் குறைவாக, சுமார் 30 கிலோமீட்டராக அமையும். கால் ஆறுவதற்கு அந்த நாள் கட்டாயம் வேண்டும். மூன்றாம் நாள்தான் எனக்கு மிகப் பிடித்தது. பெர்டோனே மலைவிடுதிக்குச் செங்குத்தாக ஏறிவிட்டால், அங்கிருந்து பொனாட்டி விடுதி வரை மேய்ச்சல் நிலத்தின் விளிம்பிலேயே, எதிரே கிராண்ட் ஷொராஸ் மலை சுவர் போல நிற்க, உண்மையிலேயே ஓட முடிகிற பாதை. அப்புறம் 2,537 மீட்டர் உயரத்தில் ஃபெரே கணவாய், அதைத் தாண்டி லா ஃபூலி வரை 900 மீட்டருக்கு மேல் இறக்கம்.

அந்தப் புல்வெளிகள் சிலருடைய பிழைப்பு. பிரான்ஸ் பக்கத்தில் போஃபோரும் இத்தாலி பக்கத்தில் ஃபொன்டினாவும் அங்கே கோடையில் மேயும் மாடுகளின் பாலில் செய்யும் பாலாடைக்கட்டிகள். மூடியிருந்த படலைத் திறந்தால் உடனே மூடுங்கள். கன்றோடு நிற்கும் பசுவிடமிருந்து நன்றாக விலகியே போங்கள், இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, ஆனால் உண்மையான ஆபத்து அதுதான். ஆட்டு மந்தையைக் காக்கும் பெரிய வெள்ளை நாய்கள் குரைத்துக்கொண்டு வந்தால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள். ஊன்றுகோலை ஓங்காமல், சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே மந்தையைச் சுற்றிப் போய்விடுங்கள். மாடு மேயும் இடத்துக்குக் கீழே ஓடும் ஓடைத் தண்ணீரை அப்படியே குடிக்க வேண்டாம்.

1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும், காற்றும் சேர்ந்தால் வேர்த்த உடம்பு நடுங்க ஆரம்பித்துவிடும். தொப்பியுள்ள மழைச்சட்டை, ஒரு கதகதப்பான உடை, தலைவிளக்கு, விசில், அவசரப் போர்வை, ஒரு லிட்டர் தண்ணீர், இவற்றை எடை குறைக்கிறேன் என்று விட்டுவிடாதீர்கள். கோடையில் இடி மின்னல் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வரும், அதனால் விடிவதற்கு முன்பே கிளம்பி, அன்றைய உயரமான கணவாயை மதியத்துக்குள் தாண்டிவிடப் பாருங்கள். அவசர உதவி எண் மூன்று நாட்டிலும் 112.

ஜூலை தொடக்கத்தில்கூடக் கணவாய்களில் பனி கிடக்கலாம். ஆகஸ்ட் கடைசியில் போட்டி நடப்பதால் கூட்டம் அலைமோதும். செப்டம்பர் முதல் இரண்டு வாரத்தைப் பாருங்கள், ஆனால் விடுதிகள் பல அந்த மாத நடுவிலேயே மூடத் தொடங்கும், முன்பதிவு செய்யும்போதே தேதியைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.