இணையம் எட்டும் விலையில் கிடைக்குமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ‘மலிவு விலையில் அதிவேக இணையம்’ என்று எல்லா அரசுகளும் சொல்கின்றன. எது மலிவு என்பதற்கு அளவுகோல் ஏதும் உண்டா?

பதில்: உண்டு. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் யுனெஸ்கோவும் சேர்ந்து அமைத்த அகலக்கற்றை (பிராட்பேண்ட்) ஆணையம் 2018இல் வகுத்த இலக்கின்படி, வளரும் நாடுகளில் அடிப்படை இணைப்புக்கான மாதக் கட்டணம், தனிநபர் மாத வருமானத்தில் 2 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்கு முந்தைய இலக்கு 5 விழுக்காடு. ஆனால், இங்கே வருமானம் என்று கணக்கில் கொள்ளப்படுவது நாட்டின் சராசரி. அந்தச் சராசரியில் கால் பங்கு மட்டுமே ஈட்டுபவருக்கு, அதே கட்டணம் 8 விழுக்காடாகிவிடுகிறது. தவிர, இந்த அளவீடு மிகச் சிறிய திட்டத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. பிள்ளைகள் காணொளி வழியே பாடம் படிக்கும் வீட்டுக்கு அது போதாது. எனவே சராசரியை விட்டுவிட்டு, அடித்தட்டு வருமானப் பிரிவினரின் செலவுக் கணக்கை வெளியிடும் அரசின் பேச்சையே நான் நம்புவேன்.

கேள்வி: ஏழைக் குடும்பங்களுக்கு இணையக் கட்டணத்தில் மானியம் கொடுத்துவிட்டால் போதாதா? அரசே எதற்காகக் கம்பி இழுக்க வேண்டும்?

பதில்: மானியம் உடனே பலன் தரும் என்பதில் ஐயமில்லை, நிதி தீர்ந்த அன்றே அந்தப் பலனும் நின்றுவிடும் என்பதுதான் சிக்கல். அமெரிக்காவில் குறைந்த வருமானக் குடும்பங்களின் கட்டணத்தில் மாதம் 30 டாலர் வரை, பழங்குடியினர் நிலப்பகுதிகளில் 75 டாலர் வரை, அரசு ஏற்றுக்கொண்ட திட்டத்தில் 2.3 கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் சேர்ந்திருந்தன. நாடாளுமன்றம் மேற்கொண்டு நிதி ஒதுக்காததால் 2024 ஜூன் மாதத் தொடக்கத்தில் அது முடிவுக்கு வந்தது.

இணையக் கட்டமைப்பில் பெருஞ்செலவு பிடிப்பது கண்ணாடியிழை (ஆப்டிக்கல் ஃபைபர்) வடம் அல்ல. அதைப் புதைக்கப் பள்ளம் தோண்டுவதும், சாலையை வெட்ட அனுமதி பெறுவதும், கம்பங்களுக்கு வாடகை கொடுப்பதும்தான். ஒரே தெருவை மூன்று நிறுவனங்கள் மூன்று முறை தோண்டினால் அந்தச் செலவு முழுவதும் வாடிக்கையாளர் தலையில் விழும். ஒரே நிறுவனம் மட்டும் தோண்டினாலோ அது வைத்ததே விலை. ஸ்டாக்ஹோம் மாநகராட்சி 1994இல் இதற்கு ஒரு வழி கண்டது. அதற்குச் சொந்தமான ஸ்டோகாப் நிறுவனம் நகரெங்கும் இழைகளைப் பதித்து, பொதுமக்களுக்கு நேரடியாக இணையம் விற்காமல், கேட்கும் நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே நிபந்தனையில் இழைகளை வாடகைக்கு விடுகிறது. அவை ஒன்றோடொன்று போட்டி போட்டுக்கொண்டு மக்களுக்கு விற்கின்றன. தரைக்கடியில் இருப்பது பொது, தரைக்கு மேல் நடக்கும் வணிகம் போட்டி என்ற இந்தப் பிரிவினையே நீடித்த மலிவுக்கு வழி என்பது என் கருத்து. போட்டிக்கு வாய்ப்பே இல்லாத சிற்றூர்களிலும், எந்த விலையையும் தாங்க முடியாத குடும்பங்களுக்கும் மானியம் தேவைதான். அதற்கான பணத்தைப் பல நாடுகள் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயிலிருந்தே திரட்டுகின்றன. இந்தியாவில் அதற்காக வசூலிக்கப்படும் வரி, அந்நிறுவனங்களின் சரிக்கட்டப்பட்ட மொத்த வருவாயில் (அனுமதிக்கப்பட்ட கழிவுகள் போக எஞ்சும் வருவாயில்) 5 விழுக்காடு. வசூலிப்பதில் காட்டும் வேகத்தைச் செலவிடுவதிலும் காட்ட வேண்டும்.

கேள்வி: எவ்வளவு வேகம் இருந்தால் ‘அதிவேகம்’ எனலாம்?

பதில்: ஆண்டுக்கு ஆண்டு மாறும். அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் பதிவிறக்கத்துக்கு 2015இல் நொடிக்கு 25 மெகாபிட் என்று வைத்திருந்ததை 2024இல் 100 ஆக்கியது. இந்தியாவில் 2004இல் 256 கிலோபிட் கிடைத்தாலே அகலக்கற்றை. இன்று குறைந்தது 2 மெகாபிட் வேண்டும். வரையறை தாழ்வாக இருந்தால் ‘அனைவருக்கும் கொடுத்துவிட்டோம்’ என்று அறிவிப்பது அரசுக்கு எளிது என்பதையும் கவனியுங்கள்.

கேள்வி: இணையத்தைச் சட்டப்படி உரிமையாக்கினால் விலை குறையுமா?

பதில்: அறிவிப்பினால் மட்டும் குறையாது. நொடிக்கு 1 மெகாபிட் இணைப்பை 2010 ஜூலை 1 முதல் சட்ட உரிமையாக்கிய பின்லாந்து, அதை இலவசமாகக் கொடுக்கவில்லை. எந்தப் பகுதிக்கு எந்த நிறுவனம் பொறுப்பு என்று ஒழுங்குமுறை அமைப்பு குறிப்பிட்டு, நியாயமான விலையில் கொடுக்க வேண்டிய கடமையை அதன்மேல் சுமத்தியது. இணையத்தை அணுகுவது கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் 2019இல் ஒரு கல்லூரி மாணவியின் வழக்கில் கூறியது. அந்தத் தீர்ப்பு விடுதியில் கைப்பேசிக்கு இருந்த தடையைப் பற்றியது, கட்டணத்தைப் பற்றியதல்ல. பெயர் குறிப்பிட்ட ஒருவர்மேல் கடமை விழாத வரையில், புகார் மனுவை யாரிடம் கொடுப்பது என்பதே தெரியாது.

கேள்வி: செயற்கைக்கோள் இணையம் வந்துவிட்டதே, இனிக் கம்பி எதற்கு?

பதில்: ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள், மலைக்காட்டுக்கும் தீவுக்கும் நல்ல தீர்வு. ஆனால், ஒரு பரப்புக்கு அவை தரும் கொள்ளளவை அங்குள்ள எல்லோரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருப்பதாலும், வீட்டில் பொருத்தும் கருவிக்குத் தொடக்கத்திலேயே பணம் கட்ட வேண்டியிருப்பதாலும், நெருக்கமாக வீடுகள் உள்ள இடத்தில் கண்ணாடியிழைக்கு அவை ஈடாகா.