வியாழக்கிழமை மத்தியானம் கடைக்குப் போனேன், வெறுங்கையோடு வந்தேன்

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அக்கா. திருச்சியிலிருந்து மொரீஷியஸ் வந்து ஆறு வாரம் ஆகிறது. கணவருக்கு எபென் சைபர் சிட்டியில் வேலை, வீடு ரோஸ்ஹில்லில். போன வியாழக்கிழமை மிக்ஸிக்கு ஒரு அடாப்டர், முருங்கைக்கீரை, கறிவேப்பிலை, அவருக்கு ஒரு குடை, இவ்வளவுதான் வாங்க வேண்டியிருந்தது. சமையலை முடித்துவிட்டு பன்னிரண்டு மணிக்குப் போய் நின்றால் ஒவ்வொரு கடையாக ஷட்டரை இறக்குகிறார்கள். யாரோ பெரிய ஆள் இறந்துவிட்டாரோ என்று பயந்தே போனேன். ஒரு அம்மா ‘காத்ர் போர்ன்ல சந்தை’ என்று கையைக் காட்டிப் புரியவைத்தார். மெட்ரோ பிடித்துப் போனேன், சந்தை முழுக்கச் சட்டையும் ஜீன்ஸும்தான், ஒரு கீரைக்கட்டு கூட இல்லை. திரும்பி வரும்போது திறந்திருந்த ஒரு சின்னக் கடையில் அடாப்டர் வாங்கினேன், வீட்டில் மாட்டினால் ஆடுகிறது. திருப்பிக் கொண்டுபோனால் மாற்ற மாட்டேன் என்றுவிட்டார். கடைப் பலகையில் நம் ஊர்ப் பெயர், நெற்றியில் விபூதி, அதனால் தமிழில் கெஞ்சினேன் அக்கா, அவருக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. அதுதான் எல்லாவற்றையும் விட வலித்தது. வீட்டுக்கு வந்து அழுதேன். இங்கே எப்படித்தான் கடைக்குப் போவது?
(ரோஸ்ஹில் வாசகி)

பதில்: தங்கச்சி, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, நீங்கள் போன கிழமைதான் தப்பு. இதை வந்த முதல் வாரமே யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். ரோஸ்ஹில், காத்ர் போர்ன், கியூர்பிப் இந்த மேட்டுப்பகுதி ஊர்களில் வியாழன் மத்தியானத்துக்கு மேல் கடைகளுக்கு அரைநாள் விடுமுறை. தலைநகர் போர்ட் லூயிஸில் வேறு கணக்கு, அது அலுவலக ஊர், வாரநாளெல்லாம் நெரிசல், சனிக்கிழமை மத்தியானம் ஆனால் தெரு காலியாகிவிடும், ஞாயிறும் அப்படித்தான். ஆக வியாழன் மத்தியானம் அவசரம் என்றால் போர்ட் லூயிஸ், சனி மத்தியானம் என்றால் ரோஸ்ஹில். இரண்டுக்கும் நடுவில் மெட்ரோ இருப்பதால் சிரமமில்லை. சூப்பர் மார்க்கெட்டும் த்ரியானோன், பகாத்தேல் போன்ற மால்களும் இந்த அரைநாளைப் பார்ப்பதில்லை, அதனால் வியாழனன்று பால், ரொட்டிக்குத் திண்டாட வேண்டியதில்லை.

காத்ர் போர்ன் சந்தைக்கு வழி சொன்ன அம்மாவும் பொய் சொல்லவில்லை. அங்கே வியாழனும் ஞாயிறும் துணிச்சந்தை, புதனும் சனியும் காய்கறி. கீரைக்கு நீங்கள் ஒரு நாள் முன்னால் போயிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடாப்டர் விஷயத்தில் கடைக்காரர் செய்தது சரியில்லை, மாட்டினால் ஆடுகிற சாமானை மாற்றித் தருவதுதான் நியாயம். இனிமேல் மிக்ஸியின் பிளக்கை கையோடு எடுத்துப்போய் கடையிலேயே மாட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். ஆனால் மிக்ஸி, கிரைண்டருக்கு அடாப்டரே வேண்டாம் என்பேன். இங்கும் நம் ஊர் மாதிரி 230 வோல்ட்தான், சுவரில் இருப்பது இங்கிலாந்துக்காரர் வைத்துவிட்டுப் போன மூன்று பட்டைக்கால் சாக்கெட், சில வீடுகளில் பிரெஞ்சுக்காரர் பாணியில் இரண்டு உருண்டைக்கால். உள்ளே ஃப்யூஸ் வைத்த மூன்றுகால் பிளக் தனியாக விற்கிறது, ஒரு எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தால் பழைய பிளக்கை வெட்டிவிட்டு இதைப் பொருத்திவிடுவார். எர்த் இல்லாத மலிவு அடாப்டரில் கிரைண்டரை ஓட்டாதீர்கள், ஈரக் கையோடு நிற்கிற இடம் அது.

சரி, உங்களை அழவைத்த விஷயத்துக்கு வருகிறேன். நானும் அழுதிருக்கிறேன். ஆனால் அந்த மனிதர் மேல் கோபப்படாதீர்கள், அடாப்டருக்கு மட்டும் கோபப்படுங்கள். அவருடைய முன்னோர் எப்போது வந்தார்கள் என்று யோசியுங்கள். 1735இல் இந்தத் தீவுக்குப் பிரெஞ்சு ஆளுநராக வந்த லாபூர்தொன்னே காலத்தில் புதுச்சேரிப் பக்கமிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் கூட்டிவந்தார்கள், 1834க்குப் பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் ஆயிரக்கணக்கில். வீட்டிலும் தெருவிலும் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல், செய்தித்தாள் பிரெஞ்சு, அரசாங்கத் தாள் ஆங்கிலம் என்று இத்தனை தலைமுறை ஓடிய பிறகும் அந்த வீட்டில் முத்துசாமி, வீரப்பன் என்ற பெயர் குடும்பப் பெயராக நிற்கிறது. தைப்பூசத்துக்கு அலகு குத்திக் காவடி எடுக்கிறார்கள், அன்றைக்கு நாட்டுக்கே விடுமுறை. தேவாரத்தை ரோமன் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுகிற பெரியவர் பக்கத்தில் நான் கோயிலில் நின்றிருக்கிறேன், அர்த்தம் தெரியாமலே ஒரு எழுத்தைக் கூட விடாமல் பாடினார். உங்கள் பர்ஸில் இருக்கும் ரூபாய் நோட்டைத் திருப்பிப் பாருங்கள், தமிழில் எழுதியிருக்கும். 1998இல் வந்த புது நோட்டில் தமிழை இந்திக்குப் பின்னால் தள்ளியபோது தமிழ் பேசவராத இந்த மக்கள்தான் எதிர்த்து நின்றார்கள், அந்த நோட்டையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. பேச்சுதான் அவர்களை விட்டுப் போயிற்று.

அதுவும் முழுசாகப் போகவில்லை. நான் வந்த புதிதில் போர்ட் லூயிஸ் மத்திய மார்க்கெட்டில் ஒரு கிழவியிடம் முருங்கைக்கீரைக்காக ஆங்கிலத்திலும் சைகையிலும் போராடிவிட்டு, கடைசியில் வாய்தவறி ‘முருங்கை’ என்றேன். ‘ஆ, ப்ரேத் முரூம்!’ என்று கூடையிலிருந்து ஒரு கட்டை எடுத்து நீட்டினாள். ப்ரேத் என்றால் கீரை, முரூம் நம் முருங்கை. கறிவேப்பிலைக்கு கரிப்புலே, கொத்தமல்லிக்கு கொத்தமிலி, பீர்க்கங்காய்க்கு பிப்பங்காய் என்று கேளுங்கள், தமிழர் அல்லாத கடைக்காரரும் சட்டென்று எடுத்துத் தருவார். வெண்டைக்காய் லாலோ, பாகற்காய் மார்கோஸ், சுரைக்காய் கலபாஸ், இவை மட்டும் மனப்பாடம் செய்ய வேண்டியவை. விலை கேட்க ‘கொம்பியே?’ போதும். அப்புறம் ஒன்று, சொல்கிற விலை பெரும்பாலும் அரைக் கிலோவுக்கு, பாதி விலைதானே என்று கிலோக் கணக்கில் நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். கறிவேப்பிலையை வாங்கக்கூட வேண்டாம், அக்கம்பக்கத்தில் எந்த வீட்டுத் தோட்டத்திலாவது மரம் இருக்கும், கேட்டால் ஒடித்துத் தருவார்கள்.

கேள்வி: ஊரில் பயன்படுத்தும் யுபிஐ இங்கே கடையில் வேலை செய்யுமா? அடுத்த மாதம் அப்பா அம்மா வருகிறார்கள்.
(காத்ர் போர்ன் வாசகர்)

பதில்: 2024 பிப்ரவரி 12 முதல் மொரீஷியஸில் யுபிஐ உண்டு தம்பி, அப்பாவின் செயலியில் வெளிநாட்டுப் பணம் செலுத்தும் வசதியை மட்டும் ஊரிலேயே திறந்து வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். ஆனால் எல்லாக் கடையிலும் எடுப்பார்கள் என்று நம்பி வர வேண்டாம். சந்தையில் கீரை விற்கிற அம்மாவுக்குச் சில்லறைதான் தேவை, ஆயிரம் ரூபாய் நோட்டை நீட்டினால் அவரும் பாவம் எங்கே போவார்? முதல் நாளே கொஞ்சம் பணத்தைச் சின்ன நோட்டாக மாற்றி அம்மா கையில் கொடுத்துவிடுங்கள்.