ரசிகையாக இருக்கத் தேர்வு எழுத வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 26. கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். பள்ளி நாட்களில் அண்ணனோடு சேர்ந்து பார்த்த ஸ்டார் வார்ஸ் படங்கள்தான் என்னை இந்தப் பக்கம் இழுத்து வந்தன. அறிவியல் புனைகதை, காமிக்ஸ், வீடியோ கேம் ஆகியவற்றில் ஈடுபாடு கொண்ட ரசிகர் குழு ஒன்றில் நான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். மாதம் ஒருமுறை நேரில் கூடுவோம். மற்ற நாட்களில் வாட்ஸ்அப் குரூப்பில் பேசிக்கொள்வோம். சென்ற ஆண்டு சென்னையில் நடந்த காமிக்ஸ் விழாவுக்கு, ஸ்டார் வார்ஸில் வரும் இளவரசி லேயாவின் வெள்ளை அங்கியை நானே தைத்துப் போட்டுக்கொண்டு, முடியை இரண்டு காதோரமும் சுருட்டிக் கட்டிக்கொண்டு போனேன். அந்தப் படத்தைக் குரூப்பில் போட்டதும் ஒருவர், 'இந்தக் கலருக்கு இந்த வேஷம் எதுக்கு?' என்று எழுதினார். இன்னொருவர் என் படத்தை நெகட்டிவாக மாற்றி, 'இப்பதான் கரெக்ட்' என்று மீம் போட்டார். பலர் சிரித்தார்கள். நான் கோபப்பட்டதும், 'உண்மையான ரசிகையா இருந்தா ஜோக்கா எடுத்துக்குவே' என்று சொல்லி, விண்கலங்களின் பெயர்களைக் கேட்டு எனக்குப் பரீட்சை வைத்தார்கள். புதிய தொடரில் கறுப்பின நடிகர் யாராவது வந்தால், 'இதுலயும் அரசியலைக் கொண்டுவந்துட்டாங்க' என்று புலம்புபவர்களும் இவர்களே. மூன்று பேர் தனியாக மெசேஜ் அனுப்பி, 'நீ சொன்னதுதான் சரி' என்றார்கள். குரூப்பில் வாய் திறக்கவில்லை. அட்மின் அண்ணா, 'ரெண்டு பக்கமும் இதோட விட்டுடுங்க' என்று முடித்துவிட்டார். நான்தான் தொட்டாற்சிணுங்கியாக இருக்கிறேனா? குழுவை விட்டு விலகுவதா, இருந்து சண்டை போடுவதா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் தொட்டாற்சிணுங்கி இல்லை. முதலில் அந்த எண்ணத்தை மனத்திலிருந்து எடுத்துப் போடுங்கள். பிறந்த குழந்தையைப் பார்க்க வருபவர் முதல் பெண் பார்க்க வருபவர் வரை நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போகாத ஊரில் வளர்ந்த பெண்ணுக்கு, 'இந்தக் கலருக்கு' என்று தொடங்கும் பேச்சு எங்கே போய் முடியும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அதையெல்லாம் தாண்டி வந்து, தனக்குப் பிடித்த கதாபாத்திரத்தின் உடையைத் தன் கையாலேயே தைத்துப் போட்டுக்கொண்டு மகிழ்ச்சியாக நின்ற ஒருவருடைய படத்தை நெகட்டிவாக்கி, அதில் வெளுத்துத் தெரியும் முகத்தைக் காட்டி 'இப்பதான் கரெக்ட்' என்று எழுதுவதை நகைச்சுவை என்று நான் ஏற்க மாட்டேன். அந்த மீமில் சிரிப்பதற்கென்று இருப்பது உங்கள் தோலின் நிறம் மட்டுமே.

அவர்கள் தரப்பில் சொல்லக்கூடிய ஒரு நியாயத்தையும் பார்த்துவிடுவோம். ஒரு படத்தையோ தொடரையோ கடுமையாக விமர்சிக்க ரசிகர்களுக்கு உரிமை உண்டு. 2017 டிசம்பரில் வந்த 'த லாஸ்ட் ஜெடாய்' என்ற ஸ்டார் வார்ஸ் படத்தில், சூதாட்ட நகரத்துக்குப் போய்வரும் கிளைக்கதை படத்தின் வேகத்தைக் கெடுத்துவிட்டது என்று பலர் குறைப்பட்டார்கள். அது திரைக்கதையைப் பற்றிய பேச்சு, ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம். ஆனால், அதே கிளைக்கதையில் ரோஸ் டிக்கோ என்ற பாத்திரத்தில் நடித்த கெல்லி மேரி டிரானுக்கு நேர்ந்ததை விமர்சனம் என்று சொல்ல முடியாது. வியட்நாமிலிருந்து அகதிகளாக அமெரிக்கா வந்தவர்களின் மகளான அவர், ஸ்டார் வார்ஸ் படமொன்றில் முக்கிய வேடம் ஏற்ற முதல் வெள்ளையரல்லாத பெண். அவருடைய கண்களையும் உடல்வாகையும் இனத்தையும் சொல்லித் திட்டினார்கள். ரசிகர்களே தொகுக்கும் கலைக்களஞ்சியப் பக்கத்தில் அவர் ஏற்ற பாத்திரத்தின் பெயரையே இனவசையாக மாற்றி எழுதினார்கள். 2018 ஜூன் மாதத்தில் அவர் தம் இன்ஸ்டாகிராம் பதிவுகள் அனைத்தையும் நீக்கிவிட்டார். ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதிய கட்டுரையில், அந்த வசைகளைவிட அவற்றைத் தாமே நம்பத் தொடங்கியதுதான் கொடுமை என்ற பொருளில் அவர் சொல்லியிருந்தார். மற்றப் பிள்ளைகள் கேலி செய்வது தாங்காமல் ஒன்பது வயதில் தாய்மொழியில் பேசுவதையே நிறுத்திக்கொண்டதையும் அவர் அதில் நினைவுகூர்ந்தார். 'நான்தான் தொட்டாற்சிணுங்கியாக இருக்கிறேனா' என்ற உங்கள் கேள்வியைப் படித்தபோது எனக்கு அந்தக் கட்டுரைதான் நினைவுக்கு வந்தது. அவர்களுடைய குரல் உங்களுக்குள்ளும் புகுந்து பேச ஆரம்பித்திருக்கிறது. அதனால்தான் உங்கள் மற்றக் கேள்விகளுக்கு முன்னால் அதற்குப் பதில் சொன்னேன்.

ஆகவே குரூப்பில் ஒருவர் ஒரு தொடரைத் திட்டும்போது, அவர் காட்சியைப் பற்றிப் பேசுகிறாரா, நடித்தவரின் உடம்பைப் பற்றிப் பேசுகிறாரா என்று பாருங்கள். டிரெய்லர் மட்டுமே வந்திருக்கும்போதே கோபம் கொதிக்கிறதென்றால், அங்கே விமர்சிக்க இன்னும் கதையே இல்லை. 2014 நவம்பரில் ஸ்டார் வார்ஸ் வரிசையின் புதிய டிரெய்லர் வெளியானபோது, போர்வீரரின் கவசம் அணிந்து வியர்த்த முகத்தோடு சட்டென எழுந்த ஜான் போயேகா திரையில் சில நொடிகளே இருந்தார். அந்தக் கவசத்துக்குள் ஒரு கறுப்பினத்தவர் இருக்கலாமா என்று கூச்சல் எழ அந்தச் சில நொடிகளே போதுமானவையாக இருந்தன.

'அரசியலைக் கொண்டுவந்துட்டாங்க' என்கிற புலம்பலுக்கு வருகிறேன். இதைச் சொல்பவர்கள், முன்பு ஒரு தூய்மையான காலம் இருந்ததாகவும், அதில் எல்லாரும் கதையை மட்டுமே ரசித்ததாகவும் நினைத்துக்கொள்கிறார்கள். வரலாறு அப்படி இல்லை. 1960களில் அமெரிக்க அறிவியல் புனைகதை இதழ்களில் பெரும் செல்வாக்கோடு இருந்த ஆசிரியர் ஜான் டபிள்யூ. கேம்பெல், சாமுவேல் டிலேனி என்ற இளம் கறுப்பின எழுத்தாளரின் நாவலைத் தொடராக வெளியிட மறுத்தார்; கறுப்பினக் கதாநாயகனை வாசகர்கள் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்பதே காரணம். இதை டிலேனியே பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். கேம்பெல்லின் பெயரில் புதிய எழுத்தாளர்களுக்குப் பல ஆண்டுகள் ஒரு விருது வழங்கப்பட்டு வந்தது. 2019 ஆகஸ்டில் டப்ளின் நகரில் அதைப் பெற்றுக்கொண்ட ஜெனட் எங், அந்த மேடையிலேயே கேம்பெல்லைக் கடுமையாகக் கண்டித்தார். சில நாட்களில் விருதின் பெயர் மாற்றப்பட்டது. கறுப்பினக் கதாநாயகனுக்குத் தம் இதழில் இடமில்லை என்று கேம்பெல் முடிவெடுத்ததும் அரசியல் முடிவுதான். அதனால் பாதிக்கப்படாதவர்களின் கண்ணுக்கு அது தெரியவில்லை, அவ்வளவே.

அறிவியல் புனைகதைக்காக ரசிகர்கள் வாக்களித்துத் தரும் ஹ்யூகோ விருதிலும் இதே சண்டை நடந்தது. பெண்களுக்கும் வெள்ளையரல்லாதவர்களுக்கும் சலுகையாக விருது தரப்படுகிறது என்று குற்றம் சாட்டிய ஒரு கூட்டம், 2015இல் திட்டமிட்டு வாக்களித்துப் பரிந்துரைப் பட்டியலையே நிரப்பியது. மற்ற வாசகர்கள் திரண்டு வந்து வாக்களித்தார்கள். ஐந்து பிரிவுகளில் யாருக்கும் விருதில்லை என்று முடிவாயிற்று. அடுத்த மூன்று ஆண்டுகள், 2016, 2017, 2018, சிறந்த நாவலுக்கான விருதைத் தொடர்ந்து பெற்றவர் என். கே. ஜெமிசின் என்ற கறுப்பினப் பெண். அந்தப் பிரிவில் தொடர்ந்து மூன்று முறை வென்ற முதல் எழுத்தாளர் அவர்தான். இதைப் படிக்கும்போது உங்கள் முகம் கொஞ்சம் மலரும் என்று நம்புகிறேன்.

உங்களுக்கு வைக்கப்பட்ட பரீட்சை ஏறக்குறைய எல்லாப் பெண் ரசிகர்களும் சந்தித்ததுதான். குழுவில் புதிதாகச் சேரும் ஆணிடம் யாரும் விண்கலத்தின் பெயரைக் கேட்பதில்லை. பெண் வந்தால் மட்டும் நுழைவுத் தேர்வு. அத்தனைக்கும் சரியாகப் பதில் சொன்னாலும் அடுத்த கேள்வி கடினமாகுமே தவிர, தேர்ச்சி என்று யாரும் அறிவிக்கப் போவதில்லை. இந்த மனநிலை எவ்வளவு தூரம் போகும் என்பதை 2014இல் 'கேமர்கேட்' என்ற பெயரில் பெண்களைக் குறிவைத்து நடந்த இணையத் தாக்குதலில் வீடியோ கேம் உலகம் பார்த்தது. கேம்களில் பெண்கள் சித்திரிக்கப்படும் விதத்தை விமர்சித்து வந்த அனிதா சர்க்கீசியன், அந்த அக்டோபரில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேசவிருந்தார். கூட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடத்துவோம் என்று மிரட்டல் வந்தது. துப்பாக்கியோடு வருபவர்களைத் தடுக்க அம்மாநிலச் சட்டம் இடம் தரவில்லை என்று தெரிந்ததும் அவர் பேச்சை ரத்து செய்ய நேர்ந்தது. உங்கள் குரூப்பில் இருப்பவர்கள் அப்படிப்பட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பரீட்சை வைப்பவரும் மிரட்டுபவரும், இந்த இடம் தங்களுக்கு மட்டுமே சொந்தம் என்ற ஒரே நம்பிக்கையிலிருந்துதான் புறப்படுகிறார்கள்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குப் புரிகிறது. காமிக்ஸ் படித்ததற்காகவும், விளையாட்டு மைதானத்துக்குப் போகாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்ததற்காகவும் பள்ளியில் கேலி பட்டவர்கள் இவர்களில் பலர். ஒதுங்க ஓர் இடம் கிடைத்தபோது அதை இறுகப் பிடித்துக்கொண்டார்கள்; அந்த இடத்துக்குப் பலரும் வரத் தொடங்கியதும், தங்களிடம் இருந்த ஒன்று பறிபோவதாகப் பதறுகிறார்கள். அந்த வலி உண்மையானது. ஆனால் கேலியின் வலி தெரிந்தவர்களே இன்னொருவருடைய நிறத்தைக் கேலி செய்வதை அந்த வலியைக் காட்டி நியாயப்படுத்த முடியாது.

இப்போது உங்கள் அட்மினைப் பற்றியும் அந்த மூன்று பேரைப் பற்றியும் சொல்ல வேண்டும். உண்மையில் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது மீம் போட்டவரல்ல, இவர்கள்தான். 'ரெண்டு பக்கமும் விட்டுடுங்க' என்று சொல்ல அங்கே இரண்டு பக்கம் இருக்கவில்லை. ஒருவர் அவமதித்தார், மற்றவர் அவமதிக்கப்பட்டார். கெல்லி மேரி டிரான் வசைபாடப்பட்ட மாதங்களில் படத்தை எடுத்த நிறுவனம் உரத்துப் பேசவில்லை. அடுத்த படத்தில் அவருக்குத் திரையில் கிடைத்ததோ ஓரிரு நிமிடங்களே. 2022 மே மாதத்தில் ஓபி-வான் என்ற ஸ்டார் வார்ஸ் தொடரில் நடித்த கறுப்பின நடிகை மோசஸ் இங்கிரம் தமக்கு வந்த இனவெறிச் செய்திகளை வெளியே காட்டியபோது நிலைமை மாறியிருந்தது. ஸ்டார் வார்ஸின் அதிகாரபூர்வக் கணக்கு, இந்தக் கற்பனை விண்மண்டலத்தில் 2 கோடிக்கும் மேற்பட்ட அறிவுள்ள உயிரினங்கள் இருக்கும்போது இனவெறியராக இருப்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்று வெளிப்படையாக எழுதியது. தொடரின் நாயகன் யூவன் மெக்ரிகர், இப்படிப்பட்ட செய்தி அனுப்புகிறவர் தம் பார்வையில் ஸ்டார் வார்ஸ் ரசிகரே அல்ல என்று வீடியோவில் சொன்னார். இங்கிரம் பாதுகாக்கப்பட்டதைப் பார்த்துத் தாமும் பாதுகாக்கப்பட்டதாக உணர்ந்ததாக ஜான் போயேகா பின்னர் கூறினார். நம் ஊரிலும், 2017 ஆகஸ்டில் ஒரு படத்தைக் குறைசொன்ன பெண் பத்திரிகையாளரை விஜய் ரசிகர்கள் பலர் ட்விட்டரில் ஆபாசமாகத் திட்டித் தீர்த்தபோது, யாருடைய படத்தையும் விமர்சிக்க எல்லாருக்கும் சுதந்திரம் உண்டு, பெண்களை இழிவாகப் பேசக் கூடாது என்று விஜய் அறிக்கை விட வேண்டியிருந்தது. வசைபாடுகிறவர்கள் எந்தக் கூட்டத்திலும் சிலர்தான். மற்றவர்கள் வாய் திறக்காதபோது, தங்களுக்குக் கூட்டத்தின் ஒப்புதல் இருப்பதாக அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

எனவே சண்டையை மீம் போட்டவரோடு நீட்டாதீர்கள். அவர் எதிர்பார்ப்பது அதைத்தான். அந்த மூன்று பேரையும் தனித்தனியாக அழைத்துப் பேசுங்கள். 'எனக்குத் தனியாக ஆறுதல் சொன்னதற்கு நன்றி. ஆனால் கேலி எல்லார் முன்னாலும் நடந்தது. நீங்கள் என்னிடம் சொன்னதை அங்கேயும் ஒரு வரி எழுதுவீர்களா?' என்று நேராகக் கேளுங்கள். ஒருவராவது எழுதினால் குரூப்பின் பேச்சு மாறும். யாருமே முன்வராவிட்டால், அதுவும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தியே.

அட்மினிடம் பொதுவாக முறையிடாதீர்கள். அவர் செய்து முடிக்கக்கூடியதைக் கேளுங்கள். அந்த மீமை நீக்க வேண்டும், போட்டவர் குரூப்பிலேயே மன்னிப்புக் கேட்க வேண்டும், நிறம், சாதி, பாலினம், உடல் ஆகியவற்றைக் கேலி செய்பவர் நீக்கப்படுவார் என்ற விதியைக் குரூப் விவரத்தில் எழுதி வைக்க வேண்டும் என்று கேளுங்கள். 'அண்ணா, நீங்கள் அன்றைக்கு நடுநிலையாக இருந்தது எனக்கு நடுநிலையாகத் தெரியவில்லை' என்று அவரிடம் சொல்லவும் தயங்க வேண்டாம். அவர் கெட்டவராக இல்லாமல், சங்கடத்தைத் தவிர்க்கப் பழகிய மனிதராக மட்டும் இருந்தால், இந்த ஒரு வாக்கியம் அவரை யோசிக்க வைக்கும். இதற்கெல்லாம் முன்பாக, மீமும் எழுதியவர்களின் பெயரும் எண்ணும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் படத்தை ஆபாசமாக மாற்றிப் பரப்பும் அளவுக்கு யாராவது போனால், குழுவின் சமரசத்துக்குக் காத்திருக்காமல் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உடனே புகார் கொடுங்கள்; தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவு அத்தகைய செயலைத் தண்டிக்கிறது.

விலகுவதா, இருப்பதா? 'ஸ்டார் டிரெக்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் நடித்த கறுப்பின நடிகை நிஷெல் நிக்கல்ஸ் முதல் பருவத்தோடு வெளியேற நினைத்ததும், மார்ட்டின் லூதர் கிங் சந்தித்து இருக்கச் சொன்னதால் அவர் தொடர்ந்ததும் ரசிகர்களிடையே பலமுறை சொல்லப்படும் கதை. அதை யாராவது உங்களிடம் சொல்லி, நீங்களும் தாக்குப்பிடித்து இருந்தே ஆக வேண்டும் என்றால் கேட்காதீர்கள். ஒரு நாடே பார்க்கும் திரையில் அவருக்கு ஓர் இடம் இருந்தது. கிங் பேசியது அதைப் பற்றி. ஞாயிற்றுக்கிழமை பொழுதை மகிழ்ச்சியாகக் கழிக்கச் சேர்ந்த குழுவில் அவமானத்தைச் சகித்து மற்றவர்களைத் திருத்தும் கடமை உங்களுக்கு இல்லை. அட்மினிடம் பேசிய பிறகு அடுத்த மாதக் கூட்டம் வரை பொறுத்துப் பாருங்கள். அதற்குள் மீம் நீங்கி, மன்னிப்பும் வந்து, அந்த மூன்று பேரில் ஒருவராவது உங்களோடு நின்றால் இருங்கள். இல்லையென்றால் காரணத்தை இரண்டு வரியில் குரூப்பில் எழுதிவிட்டு வெளியே வாருங்கள். சொல்லாமல் விலகினால், 'கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா' என்று அவர்கள் உங்கள் மீதே பழியைப் போட்டுவிடுவார்கள். அந்த மூன்று பேரில் உங்களோடு வர விரும்புகிறவர் இருந்தால் அழைத்துக்கொள்ளுங்கள். புதிய குழு தொடங்க நான்கு பேர் போதும். அங்கே முதல் நாளே அந்த விதியை எழுதி வைத்துவிடுங்கள்.