இலங்கையின் வன்னியில் சிஸ்டர்மார் நடத்தும் பெண்கள் பாடசாலையில் சைவப் பிள்ளையைச் சேர்க்கலாமா? விழா, சேவை என்று படிப்புக் கெடாதா?

"மகள் ஆறாம் வகுப்புக்குப் போகப் போகிறாள், நாங்கள் சைவம், கத்தோலிக்கப் பெண்கள் பாடசாலையில் வருசம் முழுக்க நிகழ்ச்சிதானாமே" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த "தானாமே"தான் என்னை எழுத வைத்தது. யாரோ சொல்லிக் கேட்ட கதை. அநேகமாக உங்கள் மச்சாள், இல்லாவிட்டால் மகளை ஏற்கனவே ரியூசனுக்கு விட்டிருக்கும் பக்கத்து வீட்டு அக்கா.

என் மகள் அப்படி ஒரு பள்ளிக்கூடத்தில்தான் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். நானும் சிஸ்டர்மாரிடம் படித்தவள், 2008இல் போரால் இடம்பெயரும் வரைக்கும். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் பழைய மாணவிகள் சங்கம் வீட்டு வாசலுக்கு வந்துவிடும்.

சமயப் பயத்தை முதலில் தள்ளி வையுங்கள். 1960, 61இல் அரசாங்கம் பொறுப்பெடுத்த மிஷன் பாடசாலைகள் நிறைய. பெயரில் புனிதர் இருப்பார், அதிபர் கதிரையில் சிஸ்டர் இருப்பார், சம்பளமும் பாடத்திட்டமும் அரசாங்கத்தினுடையது. சமய பாடத்துக்கு மணி அடித்தால் சைவப் பிள்ளைகள் ஒரு வகுப்பு, வேதப் பிள்ளைகள், அதாவது கிறிஸ்தவப் பிள்ளைகள், ஒரு வகுப்பு. நவராத்திரிக்கு வரும் வாணி விழாவுக்கு அவல், கடலை. டிசம்பரில் கிறிஸ்மஸ் ஒளிவிழாவுக்குக் கேக். இரண்டு விழாவிலும் பாடுவது அதே ஆறு பிள்ளைகள்தான், ஏனென்றால் முழுப் பள்ளிக்கூடத்திலும் சுருதி சேரப் பாடுகிறவர்கள் அந்த ஆறு பேர்தான். "எங்கட பிள்ளையை மதம் மாத்திப் போடுவினம்" என்று கீழே யாராவது எழுத வருவார்கள் என்று தெரியும். எழுதுங்கள். என் மகள் இன்னும் வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடுவதில்லை, அவ்வளவுதான் சொல்லுவேன்.

இனி நிகழ்ச்சிகள். போன வருசம், 2025இல், மார்ச் 5 விபூதிப் புதன். (விபூதி என்ற சொல்லைக் கேட்டதும் என் மாமியாருக்குப் பெரிய நிம்மதி.) அன்றிலிருந்து தவக்காலம், உயிர்த்த ஞாயிறு (ஈஸ்டர்) வரைக்கும் அவர்களுடைய நோன்பு நாட்கள். ஒவ்வொரு பிள்ளையும் காலையில் ஒரு பிடி அரிசி கொண்டுவர வேண்டும், உயிர்த்த ஞாயிறுக்கு முன் சேர்ந்ததைப் பொதியாக்கி ஊரில் தனியாக இருக்கும் வயதானவர்களுக்குக் கொடுப்பது என்று சொல்லிவிட்டார்கள். நமக்கும் இது புதிதில்லை. என் அம்மம்மா உலையில் அரிசி போட முன் கோயிலுக்கென்று ஒரு பிடி எடுத்துப் பானையில் போடுவா. காலபோக நெல் அறுத்த கையோடு வருகிற மாதம் வேறு, எங்கள் பக்கத்து வீடுகளில் புது அரிசி இருந்தது.

மூன்றாம் நாள் மகள் முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அம்மா, சிஸ்டர் எல்லாற்ற அரிசியையும் ஒரே சாக்கில கொட்டுறா." அதில் என்ன பிழை என்று கேட்டேன். "என்னண்டு அவிக்கிறது? பச்சையரிசி குழைஞ்சு கூழாப் போகும், சம்பா நறுக்கரிசியா நிக்கும். அந்தக் கிழவி பாவம்."

அவளுக்கு அப்போது 12 வயது. நான் தோட்டத்துக்குப் போகிற நாளில் உலை வைப்பது அவள்தான், அதனால் தெரியும். ரீச்சர்மாருக்கும் தெரியாமல் இருக்காது, ஆனால் சாக்கைப் பார்த்தவர்கள் பாரத்தைத்தான் பார்த்தார்கள். அடுத்த நாள் எழும்பிச் சொல்லியிருக்கிறாள். நல்ல காலம், அந்த வகுப்புச் சிஸ்டர் சிரித்துவிட்டு நாலு வாளி எடுப்பித்தா. வெள்ளைச்சோக்கால் ஒவ்வொன்றிலும் எழுதினார்கள்: சிவப்புப் பச்சையரிசி, வெள்ளைப் பச்சையரிசி, புழுங்கல், சம்பா. எந்த அரிசி எது என்று தெரியாமல் கொண்டுவந்த பிள்ளைகள் மகளிடம் காட்ட, இவள் ஒரு மணியைக் கடித்துப் பார்த்துச் சொல்லுவாளாம். முதல் மூன்று நாள் கலவை அரிசி அந்த வெள்ளிக்கிழமை கஞ்சியாகிப் பிள்ளைகளின் வயிற்றுக்கே வந்தது.

இதுவரைக்கும் பெருமைக் கதை. இனி நான் சண்டை பிடித்த கதை.

பொதி கொடுப்பதற்கு மண்டபத்தில் விழா என்று வகுப்பு வட்ஸ்அப் குழுவில் வந்தது. பதாகை கட்டி, வயதானவர்களை முன்வரிசையில் இருத்தி, வகுப்புக்கு இரண்டு பிள்ளைகள் பொதியைப் பிடித்துக்கொண்டு நிற்க, படம். என் மகளும் ஒன்று. அன்றிரவு பெயர்ப்பட்டியலைப் பற்றிச் சொன்னாள். அதில் ஒருவர் அவளுடைய வகுப்புப் பிள்ளையின் அம்மம்மா. அந்தப் பிள்ளை அம்மம்மாவோடுதான் இருக்கிறது. அதுவும் ஒரு நாள் விடாமல் தன் பிடி அரிசியைக் கொண்டுவந்து போட்ட பிள்ளை.

எனக்கு அன்று நித்திரை வரவில்லை. 2009இல் எனக்கு 19 வயது. போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாமில் அருணாசலம் முகாமில் இருந்தோம். ஒருநாள் உதவி கொடுக்க வந்தார்கள். யார் என்பது இப்போது தேவையில்லை. ஒரு நீல வாளி, அதற்குள் சவர்க்காரம், துவாய், பற்பசை. தந்தார்கள், ஒரு பக்கம் அவர் பிடிக்க மறுபக்கம் நான் பிடிக்கப் படம் எடுத்தார்கள். படம் சரிவரவில்லை. வாளியைத் திரும்ப வாங்கி, திரும்பத் தந்தார்கள். மூன்று தரம். மூன்றாம் தரம் "கொஞ்சம் சிரியுங்கோ தங்கச்சி" என்றார் ஒருவர். சிரித்தேன். குளிக்கச் சவர்க்காரம் வேண்டியிருந்தது.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் போனேன். நான் சண்டைக்காரி இல்லை, என்னைத் தெரிந்தவர்கள் சொல்லுவார்கள். வாளிக் கதையை நான் அங்கே சொல்லவும் இல்லை. "படம் எடுக்கிறதெண்டா என்ர பிள்ளை நிக்க மாட்டாள் சிஸ்டர்" என்று மட்டும் சொன்னேன். அவ சொன்னதும் நியாயம்தான், அதை மறைக்கக் கூடாது. அரிசி பிள்ளைகளுடையது, ஆனால் பருப்பு, சீனி, மாப்பக்கெட் எல்லாம் வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவிகளின் காசு. "படம் போகாட்டி அடுத்த வருசம் காசு வராது அம்மா, நான் என்ன செய்ய?"

அரை மணித்தியாலம் கதைத்தோம். கடைசியில் வாளிகளையும் அடுக்கிய பொதிகளையும் மட்டும் படம் எடுத்தார்கள், சோக்கு எழுத்துத் தெரிய. பொதியைப் பிள்ளைகள் மூன்று மூன்று பேராகச் சைக்கிளில் வீடுகளுக்குக் கொண்டுபோனார்கள், ஒரு ரீச்சர் பின்னால் ஸ்கூட்டியில். அந்த அம்மம்மாவுக்குரியதை அவவின் பேத்தியே கொண்டுபோனது, மற்றப் பிள்ளைகளைப் போல. படத்துக்குக் கீழே யாரோ ஒரு அக்கா "ஆக்களைக் காணேல்லையே?" என்று எழுதியிருந்தா. காசு இந்த வருசமும் வந்தது.

இப்படி எழுதினால் எல்லாச் சிஸ்டர்மாரும் நல்லவர்கள் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். பிள்ளைகளை இல்லங்களாகப் பிரித்து நடத்தும் மெய்வல்லுநர் போட்டிக்கு (விளையாட்டுப் போட்டி) இல்லம் சோடிக்கவென்று கேட்கிற காசு எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல். ஒரு பின்னேரம் நிற்கிற கோபுரத்துக்கு நாலு நாள் தென்னோலை பின்னினோம், அடுத்த நாள் குப்பை.

படிப்பு? அந்தத் தவணை கணிதம் 71இலிருந்து 63க்கு இறங்கியது. பொய் சொல்ல மாட்டேன். அடுத்த தவணை ஏறிவிட்டது. நவம்பரில் டித்வா புயல் வெள்ளம் வந்து பொதி கட்ட ஆள் தேவைப்பட்டபோது யாரும் சொல்லாமலே அரிசிப் பையில் வகை எழுதினாள், அதற்கு ஒருவரும் புள்ளி போடவில்லை.

உண்மையில் படிப்பைக் கெடுப்பது என்ன தெரியுமா? பஸ். பள்ளிக்கூடம் 1.30க்கு விடும், பயிற்சி என்றால் 4 மணி. நாங்கள் முறிகண்டிக்கு உள்ளே இருக்கிறோம். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைத் தூரத்தில் கண்டதும் சாரதிமாருக்குக் கால் பிறேக்கில் போகாது, சீசன் ரிக்கற்றில் (சலுகைச் சீட்டு) வரும் பிள்ளைகளால் வருமானம் இல்லையாம். யாழ்ப்பாணம் போகிற வாகனம் முழுக்க முறிகண்டிப் பிள்ளையாருக்கு நின்று தேங்காய் உடைக்கும், பிள்ளைகளுக்கு நிற்காது. பொதி கொடுத்த அன்று மகள் வீட்டுக்கு வந்தது ஆறே முக்காலுக்கு. நான் றோட்டில் ரோச் லைற்றோடு நின்றேன். இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது. முறைப்பாடு எழுதிக் கொடுத்தோம், இரண்டு கிழமை நின்றது, பிறகு பழையபடி.

உங்கள் வீடு எங்கே என்று நீங்கள் எழுதவில்லை. பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிள் ஓடுகிற தூரம் என்றால் யோசிக்காமல் சேருங்கள். பஸ் என்றால், விண்ணப்பம் நிரப்ப முதல் ஒருநாள் பின்னேரம் நாலு மணிக்கு அந்தத் தரிப்பிடத்தில் போய் நின்று பாருங்கள், எத்தனை நிற்கிறது என்று.