குட்டை கிளப்புக்குப் பிறகு என்ன கேட்பது?

கேள்வி: பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் நானும் என் பார்ட்னரும் ஹார்ட், ஸ்பேட் என்றால் 5 சீட்டு, டைமண்ட் என்றால் 4 சீட்டு இருந்தால்தான் ஏலத்தைத் தொடங்குகிறோம். 15–17 பாயிண்ட் (ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக்கி 1) உள்ள, நான்கு வகையும் ஏறக்குறையச் சமமாக விழுந்த சமநிலைக் கைக்கு 1 நோட்ரம்ப், அதாவது துருப்பு இல்லாத ஏலம். மற்றதெல்லாம் 1 கிளப். அதில் கிளப் 2 சீட்டாகவும் இருக்கலாம். எதிரே பதில் ஏலம் கேட்பவர் ஒவ்வொரு முறையும் தயங்குகிறார். ஒரு வகையைக் கேட்டு வேறொரு வகையைக் காட்டும் டிரான்ஸ்ஃபர் பதில்களுக்கு மாறலாமா?

பதில்: மாறலாம். முதலில் அந்த 2 சீட்டுப் பயத்தை விடுங்கள். உங்கள் முறையில் அது ஸ்பேட் 4, ஹார்ட் 4, டைமண்ட் 3, கிளப் 2 என்ற ஒரே அமைப்பில்தான் வரும். நூறு கைக்கு இரண்டுகூட வராது. வந்தாலும் அவற்றில் பாதிக்கு மேல் ஏலத்தைத் தொடங்கும் பலம் இருக்காது. அடிக்கடி வருவது 12–14 பாயிண்ட் சமநிலைக் கை. மறுப்பு வரும்வரை பார்ட்னரிடம் அதுவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டு பதில்களை அமையுங்கள்.

ஒரு கையைப் பாருங்கள். ஸ்பேட் 7, 3; ஹார்ட் ராணி, 8, 4; டைமண்ட் 9, 6, 2; கிளப் ராஜா, ஜாக்கி, 8, 6, 3. ஆறு பாயிண்ட், ஐந்து கிளப். கை துறுதுறுக்கும், ஆனாலும் 2 கிளப் வேண்டாம். 1 நோட்ரம்ப் போதும். 2 கிளப்பை 5 சீட்டும் 10 பாயிண்டும் உள்ள கைக்கு ஒதுக்கிவிடுங்கள். மூன்றே பாயிண்ட் என்றால் பேசாமல் பாஸ். எதிரணி பெரும்பாலும் உங்களை அங்கே விட்டுவைக்காது.

இனி டிரான்ஸ்ஃபர். 1 டைமண்ட் என்றால் ஹார்ட் 4 சீட்டு, 1 ஹார்ட் என்றால் ஸ்பேட் 4 சீட்டு, 1 ஸ்பேட் டைமண்டைக் காட்டட்டும். 1 டைமண்டுக்குத் தொடங்கியவர் தரும் பதிலில்தான் லாபம். ஹார்ட் 2 அல்லது 3 சீட்டோடு 12–14 கை என்றால் 1 ஹார்ட். 4 சீட்டு இருந்தால் 2 ஹார்ட். 18–19 பாயிண்டுக்குப் பழைய முறையில் 2 நோட்ரம்புக்குத் தாவ வேண்டியிருந்தது. இங்கே 1 நோட்ரம்பே அதைச் சொல்லிவிடும். எதிரே ஐந்து பாயிண்டோடு இருப்பவர் அங்கேயே நின்றுகொள்ளலாம். பலமான கை மறைந்தே இருக்கும், முதல் சீட்டும் அதை நோக்கியே வரும்.

எனக்குத் தெரிந்து ஜோடிகள் சறுக்குவது எதிரணி குறுக்கிடும்போதுதான். 1 கிளப்புக்கு எதிரணி டபுள் (புள்ளியை இரட்டிப்பாக்கும் ஏலம்) சொன்னால் டிரான்ஸ்ஃபர் தொடரட்டும். எதிரணி வேறு ஏலம் கேட்டுவிட்டால் எல்லாம் ரத்து, கேட்பது கேட்டபடியே பொருள். இதைத் தாளில் எழுதி இருவரும் ஒரே பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு முறையாவது சேர்ந்து ஆடாத ஜோடிக்கு இந்த முறை வேண்டாம் என்பேன். ஆடுவதாக இருந்தால், பார்ட்னர் 1 டைமண்ட் கேட்டவுடன் அலர்ட் (அந்த ஏலத்துக்குத் தனிப்பொருள் உண்டு என்று எதிரணிக்குத் தரும் எச்சரிக்கை) சொல்ல வேண்டியவர் நீங்கள்.