தொடைக்கு எதற்கு ஸ்கேன்?

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்குக் கன்னத்தில் புற்றுநோய். நாற்பது வருட வெற்றிலை, புகையிலை. கட்டியை எடுத்துவிட்டு, தொடைத் தோலை ரத்தக்குழாயோடு எடுத்து அங்கே வைத்துத் தைப்பார்களாம். அதற்காகத் தொடைக்கு சிடி ஆஞ்சியோ எடுக்கச் சொல்கிறார்கள். ரத்தக்குழாய் எல்லோருக்கும் ஒரே இடத்தில்தானே இருக்கும்? இது பணம் பிடுங்கும் வேலையா?

கே.

அன்புள்ள கே,

உங்கள் கடிதம் வந்தபோது அண்ணன் வீட்டில் இருந்தேன். இரண்டு வருடத்துக்கு முன் அவருக்கும் இதே அறுவை.

பணக் கணக்கை அங்கேயே கேளுங்கள், எனக்கென்ன தெரியும்? ஆனால் 'எல்லோருக்கும் ஒரே இடத்தில்தானே' என்றீர்களே, அதை விடமாட்டேன்.

அறுவைக்கு முந்தைய மாலை ஒரு இளம் டாக்டர் வந்தார். இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து முழங்கால் சில்லின் வெளிப்பக்க மேல்மூலை வரை பேனாவால் கோடு போட்டார். கோட்டின் நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி 3 செ.மீ. ஆரத்தில் வட்டம். தோலுக்கு வரும் குழாய் பெரும்பாலும் இதற்குள் இருக்கும் என்றார். ஜெல் தடவி, ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கவைக்கும் பேனா போன்ற டாப்ளர் கருவியை வைத்ததும் விஷ்க் விஷ்க் என்று சத்தம். வாய் திறக்க முடியாத அண்ணன், இன்னொரு முறை வைக்கச் சொல்லி விரலைக் காட்டினார். சின்னப்பிள்ளை மாதிரி.

சத்தம் கேட்ட இடத்திலெல்லாம் பெருக்கல் குறி போட்டார். வலது தொடையில் வட்டத்துக்குள் இரண்டு விழுந்தது. இடதில் ஒன்றுகூட இல்லை. நாலு விரல் தள்ளி மேலே ஒன்று. ஒரே மனிதரின் இரண்டு கால்கள், கே! நீங்கள் ஊருக்கே ஒரே இடம் என்கிறீர்கள்.

டாப்ளருக்குக் காது மட்டும்தான். ஆழத்தில் ஓடும் குழாயையும் தோலுக்கு வருவதாகக் காட்டிவிடும். 1984-ல் இந்தத் தொடைத்தோல் முறையை எழுதிய சீன மருத்துவர் சாங்கின் குழுவே, குழாய் இரு தசைகளுக்கு நடுவே வருவதாக வைத்துத்தான் எழுதியது. பிறகு மற்றவர்கள் திறந்து பார்த்தால், பெரும்பாலான தொடைகளில் அது தசையைத் துளைத்துக்கொண்டு வருகிறது. நூல் கனக் குழாய். தசைநாரிலிருந்து அதை அறுந்துவிடாமல் பிரித்தெடுக்க வேண்டும். எந்த வழியாக வருகிறது என்று சிடி முன்கூட்டியே காட்டும். அது இல்லாமலே திறந்து பார்த்து முடிவெடுக்கும் கைதேர்ந்தவர்களும் உண்டு, சரி. அதற்காக ஸ்கேன் கேட்பவரெல்லாம் திருடரா?

ஸ்கேனில் ஏற்றும் மருந்து சிறுநீரகத்துக்கு ஆகாமல் போகலாம். அப்பாவுக்கு சுகர் உண்டா, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்தார்களா? கேட்க வேண்டியதை விட்டுவிட்டுக் காசைக் கேட்கிறீர்கள்.

அண்ணன் நன்றாகச் சாப்பிடுகிறார். கன்னத்தின் உட்பக்கம் தொடை முடி முளைக்கிறது. அவ்வப்போது கண்ணாடி முன் நின்று கத்தரித்துக்கொள்கிறார். அப்பாவிடம் இதை இப்போது சொல்ல வேண்டாம்.