மாமனாருக்கு நாய்க்குட்டி வாங்கித் தரலாமா?

கேள்வி: என் மாமனாருக்கு வயது 71. கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் விவசாயம் பார்த்தவர். ஏழு மாதத்துக்கு முன் என் மாமியார் தவறிவிட்டார். அவரைத் தனியாக விட மனமில்லாமல், வைத்திருந்த இரண்டு கறவை மாடுகளையும் விற்றுவிட்டு, கோவையில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். மூன்றாவது மாடி. நாள் முழுக்க பால்கனியில் உட்கார்ந்திருக்கிறார். கேட்டால் மட்டும் பதில் வரும். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அடுத்த மாதம் அவர் பிறந்தநாளுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு லாப்ரடார் குட்டி வாங்கி மடியில் வைத்தால் மனசு மாறிவிடும் என்கிறார் என் கணவர். நாங்கள் இருவருமே வேலைக்குப் போகிறவர்கள். எட்டு வயதில் மகன் இருக்கிறான். பிராணி வளர்த்தால் மனச்சோர்வு போகும் என்பது உண்மையா? வாங்கலாமா?

பதில்: குட்டியை இப்போது வாங்காதீர்கள். ஆனால் உங்கள் கணவர் நினைத்ததில் பெரிய உண்மை இருக்கிறது, அதை விட்டுவிடவும் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன விஷயத்தில்தான் என் மனம் நின்றுவிட்டது. இரண்டு கறவை மாடுகளையும் விற்றுவிட்டு. உங்கள் மாமியார் இறந்ததற்கு ஊரே வந்து துக்கம் கேட்டிருக்கும். மாடுகள் போனதற்கு அவரிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

கறவை மாடு வைத்திருப்பவரின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். விடிவதற்குள் எழ வேண்டும். உடம்புக்கு முடியவில்லை என்றாலும் மடி காத்திருக்காது. சாணி அள்ளி, கட்டுத்தரையைக் கூட்டி, கன்றை அவிழ்த்துவிட்டு, பால் கறந்து, தூக்குவாளியோடு சொசைட்டிக்குப் போக வேண்டும். அங்கே வரிசையில் நாலு பேர் நிற்பார்கள். மழை பெய்யுமா, சோளத்தட்டு என்ன விலை, யார் வீட்டில் என்ன விசேஷம் என்று பேச்சு ஓடும். வந்தால் புல் அறுப்பு, தண்ணி காட்டுதல், வெயிலுக்கு இடம் மாற்றிக் கட்டுதல். சாயங்காலம் மறுபடி கறவை, மறுபடி சொசைட்டி. ஒரு நாளில் இரண்டு முறை அவர் வீட்டை விட்டு வெளியே போய் மனிதர்களைப் பார்த்தார் என்றால், போக வைத்தவை அந்த இரண்டு மாடுகள். நடக்க வைத்ததும், பசித்துச் சாப்பிட வைத்ததும், அசந்து தூங்க வைத்ததும் அவைதான். மனைவி போன துக்கம் ஒரு பக்கம். அந்தத் துக்கத்திலும் காலையில் எழுந்திருக்கக் காரணமாக இருந்ததும் அதோடு சேர்ந்து போய்விட்டது. நல்ல எண்ணத்தில்தான் செய்தீர்கள், உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவருக்கு என்ன தேவை என்பது இங்கிருந்துதான் புரியும்.

பிராணிகளால் மனிதருக்கு நன்மை உண்டா என்று கேட்டால், உண்டு. அமெரிக்காவில் போரிஸ் லெவின்சன் என்ற குழந்தை மனநல நிபுணர் இருந்தார். யாரோடும் ஒட்டாத ஒரு சிறுவன் ஒருநாள் குறித்த நேரத்துக்கு முன்பே அவர் அறைக்கு வந்துவிட்டான். அங்கே இருந்த அவருடைய நாய் ஜிங்கில்ஸ் ஓடிப்போய் அவனை நக்கியது. பையன் விலகவில்லை, நாயைத் தடவினான். அதன் பிறகு நாயோடு விளையாட வந்த பையன் மெல்ல மெல்ல லெவின்சனோடும் பழகினான். 1960-களின் தொடக்கத்தில் அவர் இதை எழுதியபோது சிரித்தவர்கள் உண்டு. இன்று பிராணிகளின் துணையோடு செய்யும் சிகிச்சைக்கு அவரைத்தான் முன்னோடி என்கிறார்கள். இதில் கவனிக்க ஒன்று இருக்கிறது: நாய் கதவைத் திறந்தது, உள்ளே போய்ச் சிகிச்சை செய்தவர் லெவின்சன்.

இதய நோயில் வந்த கணக்கு இன்னும் பிரபலம். 1980-ல் எரிகா ஃப்ரீட்மன் குழுவினர், இதயச் சிகிச்சைப் பிரிவிலிருந்து வீடு திரும்பிய 92 பேரை ஓராண்டு கழித்துப் பார்த்தார்கள். வீட்டில் பிராணி இருந்த 53 பேரில் 3 பேர் இறந்திருந்தார்கள். பிராணி இல்லாத 39 பேரில் 11 பேர். கேட்டதும் நாளைக்கே நாய் வாங்கத் தோன்றும். ஆனால் பிராணி வளர்க்கத் தெம்பு உள்ளவர்கள் மற்ற விதங்களிலும் நன்றாக இருந்திருக்கலாம். இந்த ஒரு கணக்கை வைத்து நாய்தான் காப்பாற்றியது என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்க இதயச் சங்கம் 2013-ல் அளவோடுதான் சொன்னது: நாய் வளர்ப்பது இதயத்துக்கு நல்லதாக இருக்கலாம், அதற்காக மட்டுமே ஒரு பிராணியை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு கொரியாவில் நடந்தது. தனக்கென ஒரு பொறுப்பு இருந்தால் முதியவர்களின் மனம் என்ன ஆகிறது என்று பார்க்க, நாயும் பூனையும் தராமல் ஒரு சிறு கூண்டில் சில்வண்டுகளைக் கொடுத்தார்கள். தீனி வைத்து, தண்ணீர் வைத்து எட்டு வாரம் பார்த்துக்கொண்டவர்களின் மனச்சோர்வு குறைந்திருந்தது. சில்வண்டு வாலாட்டாது, மடியில் வந்து படுக்காது. தன் கையை நம்பி ஒரு உயிர் இருக்கிறது என்ற நினைப்பே வேலை செய்திருக்கிறது. உங்கள் மாமனாரிடம் இதைச் சொன்னால், இதற்கு ஆராய்ச்சி வேறு வேண்டுமா என்று கேட்பார்.

இப்போது லாப்ரடார் குட்டிக்கு வருவோம். முதல் சில மாதம் குட்டிக்கு மூன்று நான்கு வேளை சாப்பாடு, ராத்திரி அழுகை, கண்ட இடத்தில் மூத்திரம், கடித்துக் குதறிய செருப்பு. நீங்கள் இருவரும் கிளம்பிய பிறகு இத்தனையும் 71 வயதுக்காரர் தலையில் விழும். அவரால் முடியவில்லை என்றால் சாயங்காலம் உங்கள் தலையில் விழும். உங்கள் கடிதத்தில் அந்தப் பயம் தெரிகிறது, அது நியாயமான பயம். ஒரு வருடத்தில் அது 25, 30 கிலோ எடையுள்ள நாயாகிவிடும். சங்கிலியைப் பிடித்து இழுத்தால் இளைஞரே தடுமாறுவார். அமெரிக்காவில் நாய், பூனையால் தடுக்கி விழுந்து அடிபட்டு அவசரச் சிகிச்சைக்கு வருகிறவர்கள் வருடத்துக்குச் சுமார் 86,000 பேர் என்று ஒரு கணக்கு உண்டு. இந்த வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் அதிலிருந்து எழுவது சாதாரண காரியம் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் மடியில் வைப்பது என்பது, மனைவியும் மாடும் ஊரும் கையை விட்டுப் போன மனிதரிடம் இன்னொரு முடிவையும் அவரைக் கேட்காமல் எடுப்பதுதான். சிலர் 'இதுவும் ஒருநாள் போய்விடும்' என்று புதிய உயிரோடு ஒட்டவே மாட்டார்கள். கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? நாளைக் காலையிலேயே செய்யக்கூடியது, காக்காய்க்குச் சோறு வைக்கும் வேலையை அவரிடம் கொடுப்பது. சிரிக்காதீர்கள். பால்கனி இருக்கிறது, செலவு இல்லை, தினமும் ஒரே நேரத்தில் வைத்தால் காகம் அந்த நேரத்துக்கு வந்து உட்கார்ந்து கூப்பிடும். மனைவியை இழந்தவர் காக்காய்க்குச் சோறு வைப்பதில் என்ன இருக்கிறது என்று நம் வீடுகளில் விளக்க வேண்டியதில்லை. புறாவுக்கு மட்டும் இரை போட்டுப் பழக்க வேண்டாம். பால்கனியில் சேரும் எச்சம் நுரையீரலைக் கெடுக்கும்.

உள்ளே ஒரு மீன் தொட்டி வைக்கலாம். மறதி நோய் உள்ளவர்கள் தங்கியிருந்த இல்லங்களின் சாப்பாட்டுக் கூடத்தில் மீன் தொட்டி வைத்தபோது அவர்கள் கூடுதலாகச் சாப்பிட்டார்கள் என்று பர்டூ பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2002-ல் வெளிவந்தது. தீனி போடுவது தாத்தா, தண்ணீர் மாற்றும்போது பேரன் உதவி என்று வைத்தால் இரண்டு பேருக்கும் பேச ஒரு விஷயம் கிடைக்கும்.

சில மாதம் கழித்து நாய் வேண்டும் என்று அவரே சொன்னால், மூன்று முதல் ஐந்து வயதுக்குள் இருக்கும், சாதுவான, நடுத்தர உயரமுள்ள நாட்டு நாயைத் தத்தெடுங்கள். பிராணிகள் காப்பகங்களில் பெரும்பாலும் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்தே தருவார்கள். இழுக்கிறதா, குரைக்கிறதா, குழந்தையோடு எப்படி என்பதெல்லாம் வளர்ந்த நாயிடம் முன்கூட்டியே தெரிந்துவிடும். ராஜபாளையம், சிப்பிப்பாறை நம் மண்ணின் பெருமைதான், ஆனால் அவை ஓடிப் பழகிய வேட்டை நாய்கள். மூன்றாவது மாடியில் அடைத்தால் அவற்றுக்கும் பாவம், உங்களுக்கும் சிரமம். நாய் 12, 13 வருடம் இருக்கும். அவரால் முடியாத நாளில் அது உங்கள் நாய். அதற்கு நீங்கள் மனதார சரி என்றால் மட்டும் எடுங்கள், உங்கள் சம்மதமும் இதில் முக்கியம். குடியிருப்போர் சங்கம் தடுத்தால், வளர்ப்புப் பிராணிக்கு முழுத் தடை போட முடியாது என்ற விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதலைக் காட்டலாம்.

நாய் வந்தால் கிடைக்கும் பெரிய லாபம் வீட்டுக்கு வெளியே இருக்கிறது. இப்போது அந்தக் குடியிருப்பில் அவர் பெயர் யாருக்காவது தெரியுமா? காலையும் மாலையும் நாயோடு கீழே இறங்கினால், "பேர் என்னங்க? கடிக்குமா?" என்று குழந்தைகள் சூழ்ந்துகொள்ளும். இரண்டு வாரத்தில் வாட்ச்மேனும் இஸ்திரிக்காரரும் பழக்கமாகிவிடுவார்கள். பால் சொசைட்டி வரிசைக்கு நகரத்தில் இதைவிட நல்ல மாற்று எனக்குத் தெரியாது.

சர்க்கரை இருப்பதால் சில எச்சரிக்கைகள். காலில் புண் இருக்கும்போது நாயை நக்க விடக் கூடாது. உணர்ச்சி குறைந்த பாதத்தில் கீறல் விழுந்தாலே தெரியாது, அதனால் தினமும் ராத்திரி பாதத்தைப் பார்த்துவிடுங்கள். நாய்க்கு வருடா வருடம் வெறிநோய்த் தடுப்பூசி கட்டாயம். எந்த நாயாக இருந்தாலும் பல்லோ நகமோ பட்டுத் தோல் கீறினால், ரத்தம் வராவிட்டாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே தடுப்பூசி இலவசம். நம்ம வீட்டு நாய்தானே என்று விடக் கூடாது.

இது எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைப் பாருங்கள். அவர் சாப்பாடு பாதியாகிவிட்டதா, உடம்பு இளைத்ததா, விடியற்காலை மூன்று மணிக்கே விழித்து உட்கார்ந்திருக்கிறாரா, 'நான் எதுக்கு இருக்கணும்' என்கிறாரா? இதில் எது இருந்தாலும் காகமும் நாயும் போதாது. இந்த வாரமே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. ஏழு மாதத் துக்கம் இயல்புதான். மனச்சோர்வு நோய் வேறு. அதற்கு நல்ல மருந்து இருக்கிறது.

கடைசியாக, இன்று ராத்திரி சாப்பிடும்போது அவரிடம் ஒன்று கேளுங்கள். "மாமா, நம்ம மாடு ரெண்டும் இப்ப யார்கிட்டங்க இருக்கு?" பெயர் தெரியாவிட்டால் பெயரையும் கேளுங்கள். அதற்கு வரும் பதில் நீளமாக இருக்கும் என்று நினைக்கிறேன். நடுவில் அழுதால் அழட்டும், பேச்சை மாற்ற வேண்டாம். வாங்கியவர் பக்கத்து ஊர்க்காரர் என்றால் பிறந்தநாளன்று குட்டி வாங்கும் பணத்தில் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் வாங்கிக்கொண்டு எல்லோரும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். சாயங்காலக் கறவை நேரத்துக்குப் போய்ச் சேருகிற மாதிரி கிளம்புங்கள். உங்கள் மகன் மாட்டில் பால் கறப்பதைப் பார்த்திருக்க மாட்டான். வாங்கியவர் சம்மதித்தால், அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தாத்தாவே கறந்து காட்டட்டும்.